தடுப்பூசி ஏற்றும் எமது பெண்களும் அவர்களின் தொழில் உயர்வும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், சுகாதாரத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களில் சிலர் பதுளை வைத்தியசாலையில் தாதியர். சிலர் பசறை, லுணுகலை, ஹல்துமுல்லைப் பக்கங்களில் குடும்பநல உத்தியோகத்தர்கள். இருவர் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் கையில் ஊசி இருக்கும், மடியில் யாரோ ஒருவரின் பிள்ளை அழும். தடுப்பூசி நல்லதா என்று பேச நாங்கள் வரவில்லை. அது இந்தச் சபைக்குத் தெரியாததல்ல. அந்த ஊசியை ஏற்றும் பெண் என்ன படிக்கிறாள், எவ்வளவு தூரம் உயர்கிறாள், எந்த இடத்தில் நின்றுவிடுகிறாள் என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இலங்கையில் பெரியம்மைக்கு எதிரான அம்மை குத்தல் 1802 இல் தொடங்கியது. அதைக் கட்டாயமாக்கும் தடுப்பூசிக் கட்டளைச் சட்டம் 1886 இல் வந்தது. ஊவா தனி மாகாணமானதும் அதே ஆண்டில்தான். எங்கள் கொள்ளுப்பாட்டிமாரின் கையில் இருந்த அம்மைத் தழும்பு பலருக்கு இங்கே விழுந்தது அல்ல. இராமநாதபுரம் கரையில் இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமில், தொற்றுத்தடுப்புக் காவலில் வைத்து, அம்மை குத்திய பிறகே கப்பலேற விட்டார்கள். அதாவது மலையகத் தமிழர் இந்த நாட்டுச் சுகாதாரத் துறையை முதன்முதலில் சந்தித்தது ஓர் ஊசி முனையில். குத்தியவர் யார், அவர் என்ன மொழி பேசினார் என்று எந்தப் பாட்டியும் எங்களுக்குச் சொன்னதில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினோம் என்பதுதான் அவர்களின் கதை.

1872 இலும் பின்னர் 1912 இலும் வந்த வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிருவாகங்களோடு கட்டிவைத்தன. அதனால் டிஸ்பென்சரி வந்தது, பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி வந்தது, மருந்துக்காரர் வந்தார், தோட்ட மருத்துவிச்சி வந்தார். நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு வேறு வழி கிடைத்தது. 1926 இல் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மேலே ஒரு சுகாதார வைத்திய அதிகாரி என்ற ஒழுங்கு அங்கிருந்துதான் நாடு முழுவதும் பரவியது. இன்றைக்கு உலக நாடுகள் இலங்கையின் தாய் சேய் நலத்தைப் புகழ்கின்றன என்றால் அதன் வேர் அந்த ஒழுங்கில் இருக்கிறது. அந்த ஒழுங்கு தோட்டத்தின் எல்லைக் கல்வரை வந்து, உள்ளே நுழையப் பல பத்தாண்டுகள் எடுத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை இந்த மேடையில் சொல்லாமல் வேறெங்கு சொல்வது? 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. பிரசை அல்லாத பெண் அரசாங்க மருத்துவிச்சியாக முடியாது, அரசாங்கத் தாதியாகவும் முடியாது. எங்கள் பாடசாலையில் அந்தக் காலத்தில் நன்றாகப் படித்த அக்காமார் பலர் தையலும் சமையலும் கற்றுக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். திறமை இல்லாமல் அல்ல. எஞ்சியிருந்த சிக்கலுக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்தான் முடிவு கட்டியது. ஆகவே தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஏன் குறைவு என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் பதில் இதுதான். இரண்டு தலைமுறை பிந்தித் தொடங்கிய ஓட்டம் இது.

இனி வேலைக்கு வருவோம்.

தேசிய நோய்த்தடுப்புத் திட்டம் 1978 இல் ஆரம்பமானது. இன்று ஒரு பிள்ளை பிறந்து வீட்டுக்குப் போகுமுன் இடது மேற்கையில் பி.சி.ஜி. ஏற்றப்படுகிறது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பு மருந்தும் போலியோச் சொட்டும். ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு எதிரான ஊசி. ஒரு வயதில் ஜப்பான் மூளைக்காய்ச்சலுக்கு. பிறகு பதினெட்டாம் மாதம், மூன்று வயது, ஐந்து வயது. பாடசாலைக்கு வந்தபின் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இரண்டு தடவை. இது 2017 இல் சேர்ந்தது. ஏழாம் தரத்தில் ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஊசி. எங்கள் பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவளின் பின்னலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிய நாள் உங்களில் இளையவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஊசி குத்தும் வேலை. உள்ளே இருப்பவருக்கு அது வேலையின் கடைசி ஐந்து விநாடி. மருந்து 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரிலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஐங்கூட்டு மருந்தும் ஏற்புவலி மருந்தும் உறைந்துவிட்டால் பயனில்லை. அதனால் கிளினிக் நாளன்று காலையில் ஐஸ் பொதிகளை எடுத்த எடுப்பில் பெட்டிக்குள் வைக்கமாட்டோம். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே வைப்போம். பணிமனையிலிருந்து அந்தப் பெட்டி பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ தோட்டத்துக்குப் போய், மிஞ்சியதோடு மாலையில் திரும்ப வேண்டும். சின்னமுத்து மருந்துக் குப்பியைக் கரைத்துவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் எறிய வேண்டும். ஊசி ஏற்றியபின் தாயை இருபது நிமிடம் இருக்கச் சொல்கிறோம். ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் பக்கத்தில் இருக்கும் அட்ரினலினை எடுத்து, பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவைக் கணக்கிட, எங்களுக்கு இருப்பது நிமிடங்கள் மட்டுமே.

அதற்கு முன் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டும். தோட்டத்தில் ஒரு தாய் கிளினிக்குக்கு வந்தால் கொழுந்து மலைக்குப் போக முடியாது. பேர் போகும், அல்லது அரைப்பேர்தான் கிடைக்கும். அன்றைக்கு எடுத்துப்போடும் கொழுந்தும் போகும். “மிஸ்ஸி, ஊசி போட்டா ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல் வரும். ராவெல்லாம் முழிச்சிட்டு நாளைக்கும் மலைக்குப் போவாம இருந்தா கங்காணி என்னா சொல்லுவாரு?” என்று கேட்கிறவளுக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. அவளைப் படிக்காதவள் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவள் கணக்குத் தெரிந்தவள். அவளுக்குப் புரியும்படி அந்தக் கணக்கைத் திருப்பிச் சொல்ல ஒருத்தி வேண்டும்: “தங்கச்சி, இன்னைக்கு அரைப்பேர் போவுது. சின்னமுத்து வந்தா ரெண்டு கிழமை போவும்.” பிள்ளை வராவிட்டால் பிறப்பு, தடுப்பூசிப் பதிவேட்டைப் பார்த்து, அன்று மாலையே லயத்துக்கு ஏறிப்போவதும் அந்த ஒருத்திதான்.

2008 ஜனவரியில் ஐங்கூட்டு மருந்து அறிமுகமானது. சில குழந்தைகளின் மரணத்துக்குப் பிறகு ஏப்ரலில் நிறுத்தி வைத்தார்கள். நிபுணர்கள் ஆராய்ந்தார்கள்; தடுப்பூசிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. 2010 இல் மீண்டும் தொடங்கினார்கள். அறிக்கை கொழும்பில் வெளியானது. பசறைக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில், கைப்பிள்ளையோடு நிற்கும் தாயிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? எங்கள் சிங்களச் சகோதரிகள் பலர் தோட்டத் தமிழைக் கற்றுக்கொண்டு அருமையாக வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். ஆனாலும் ஒரு தாய் பயந்து போயிருக்கும்போது கேட்கும் கேள்வி அவளுடைய தாய்மொழியில்தான் வரும். பாதி புரிந்த கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடியும்.

இந்த அறிவு எல்லாம் எங்கிருந்து வருகிறது? குடும்பநல உத்தியோகத்தருக்கான பயிற்சி ஒன்றரை வருடம். ஒரு வருடம் தாதியர் பயிற்சிக் கல்லூரியோடும் வைத்தியசாலையோடும். ஆறு மாதம் களத்தில். தாதிக்கு மூன்று வருடம். அதற்குப் பிறகு கற்பதெல்லாம் வேலையோடு வேலையாகத்தான். பணிமனையில் மாதாந்த மாநாடு நடக்கும். தொற்றுநோயியல் பிரிவிலிருந்து சுற்றறிக்கை வரும். புதிய மருந்து வந்தால் அரை நாள் வகுப்பு இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். போலியோச் சொட்டோடு போலியோ ஊசியும் 2015 இல் சேர்ந்தது. உலகளவில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் அடுத்த வருடமே இலங்கை முறையை மாற்றியது. முழு அளவான 0.5 மில்லிலீற்றரைத் தசையில் ஏற்றுவதற்குப் பதிலாக, அதில் ஐந்தில் ஒரு பங்கை, 0.1 மில்லிலீற்றரை, தோலின் படைகளுக்கு நடுவே இரண்டு மாதத்திலும் நான்கு மாதத்திலும் ஏற்றுவது. காகிதத்தில் இது ஒரு வரி. கையில் இது வேறு ஒரு வித்தை. இரண்டு மாதக் குழந்தையின் தோல் வெற்றிலையை விட மெல்லியது. ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, மருந்து சிறிய கொப்புளமாக எழும்புவதைப் பார்க்க வேண்டும். எழும்பாவிட்டால் ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். அதுவரை வைத்தியசாலையில் பி.சி.ஜி. ஏற்றும் தாதியரிடம் மட்டுமே நன்கு பழகியிருந்த அந்தக் கைப்பழக்கத்தை, நாடெங்கும் தடுப்பூசி ஏற்றும் எல்லோரும் கற்க வேண்டி வந்தது. கற்றார்கள். உலகில் முதன்முதலில் இந்த முறைக்கு மாறிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த வகுப்பு எங்கள் பக்கத்தில் சிங்களத்தில்தான் நடந்தது. தேநீர் இடைவேளையில் கொப்பிகளை வைத்துத் தமிழில் எழுதிக்கொண்டோம். ஒருத்தி எழுதியதை மற்ற நான்கு பேர் படம் பிடித்துக்கொண்டார்கள்.

இத்தனையும் கற்றபின் பதவி உயர்கிறதா என்று கேட்டால், இங்கேதான் எங்கள் மனக்குறை. அரச சேவையில் குடும்பநல உத்தியோகத்தருக்கு மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம் என்று உண்டு. வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை உண்டு. அதற்கு மேல் மேற்பார்வை மருத்துவிச்சி என்ற பதவி. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கு எத்தனை மேற்பார்வையாளர் இருக்க முடியும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதற்கு மேலே இருக்கும் பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரி தாதியர் சேவையிலிருந்து வருபவர். மருத்துவிச்சி அந்தக் கதிரைக்குப் போக வேண்டுமானால், தாதியர் பயிற்சிக்கு முதலாம் ஆண்டிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும், வயதும் கடந்திருக்கக் கூடாது. இருபது வருடம் ஊசி ஏற்றிய அனுபவம் அந்த விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் இடம்பெறாது. மாதாந்த மாநாட்டில் கற்றதற்கும், போலியோ ஊசி வகுப்புக்கும், 2021 ஜனவரி 29 ஆம் திகதி தொடங்கி மாதக் கணக்கில் பாடசாலை மண்டபங்களில் கொவிட் தடுப்பூசி ஏற்றியதற்கும் புள்ளி கிடையாது.

தாதியருக்கு வழி கொஞ்சம் பரவாயில்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே தாதியியல் பட்டம் பெறலாம், பலர் பெற்றிருக்கிறோம். பின்-அடிப்படைப் பயிற்சி முடித்து வார்ட் சகோதரியாகவோ விரிவுரையாளராகவோ வரலாம்.

தோட்டத்தில் கம்பனியின் சம்பளத்தில் வேலை செய்யும் மருத்துவிச்சியின் நிலை எல்லாவற்றிலும் கடைசி. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனபோது அவரும் அதோடு போனார். தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பேச்சு தொண்ணூறுகளிலேயே தொடங்கியது. சில எடுக்கப்பட்டன, பல இன்னும் பாதி வழியில் நிற்கின்றன. அரச மருத்துவிச்சி வரும் நாளில் எடை பார்ப்பதும், பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளைகளைத் திரட்டி அனுப்புவதும், ஊசி பிந்திய பிள்ளையின் வீட்டைக் காட்டுவதும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் கிளினிக் பாதியாகிவிடும். அவருக்குத் தரம் இல்லை, தடைதாண்டல் பரீட்சை இல்லை, அரச ஓய்வூதியமும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருடைய பிறந்த திகதியும் மனப்பாடம். எங்களோடு வந்திருக்கும் இரண்டு அக்காமாரும் அப்படி ஓய்வு பெற்றவர்கள். இந்தப் பந்தியைச் சேர்க்க வேண்டாம், சங்கடமாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொல்லைத் தட்டி எழுதியிருக்கிறோம்.

வேறு இடங்களில் எப்படி என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேரும் பெண் பகுதி சுகாதாரச் செவிலியராகவும், பின் சமுதாய சுகாதாரச் செவிலியராகவும் உயரலாம். காத்திருப்பு நீளம் என்று அங்கும் முறைப்பாடு உண்டு, ஆனால் ஏணி ஒன்றாவது சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் வேலை செய்யும் எமது அக்காமார் சொல்வது இன்னும் வேறு. அங்கே 2005 முதல் தடுப்பூசி ஏற்றுவோருக்கான பயிற்சிக்குத் தேசியக் குறைந்தபட்சத் தரநிலை உண்டு: அடிப்படை வகுப்பு, மேற்பார்வையில் கைத்திறன் மதிப்பீடு, பிறகு கிரமமான புதுப்பித்தல். செய்ததை ஒருவர் கையொப்பமிட்டு உறுதி செய்கிறார். அந்தக் கோவையை எடுத்துக்கொண்டு அவள் இன்னொரு ஊருக்குப் போனாலும் மதிப்பு குறையாது. சம்பளமும் 2004 முதல் ஒன்பது படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த படிக்கு என்ன வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. எங்களிடம் திறமை அவர்களைவிடக் குறைவில்லை. இந்த நாட்டில் கடைசியாகப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993 இல். 2019 இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடு என்ற சான்றும் கிடைத்தது. இவற்றைச் சாதித்த கைகளிடம் சாதித்ததற்கான தாள்தான் இல்லை.

அந்தத் தாள் இல்லாததன் விலையை இப்போது காண்கிறோம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதியர் வெளிநாடு போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். போனவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. வீட்டுக் கடனை யார் கட்டுவது? ஆனால் 2023 இல் சின்னமுத்து நாட்டில் மீண்டும் தலைகாட்டியது. ஊசி தப்பிய பிள்ளைகளைத் தேடிப் போக ஆள் வேண்டும். உயர வழியில்லாத வேலையில் கெட்டிக்காரி எத்தனை வருடம் இருப்பாள்?

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். 1999 இல் பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை உட்படப் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது சுற்றறிக்கை. எமது பிள்ளைகள் சிங்களத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். பயப்பட வேண்டாம். நாங்கள் பயிற்சிக்குப் போன முதல் மாதத்தில் “உஷ்ணத்துவய” என்றால் வெப்பநிலை என்பதே தெரியாமல் விழித்தவர்கள். ஆறு மாதத்தில் சிங்களத்தில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டோம்.

பெரிய தடை உயர்தரத்தில் விஞ்ஞானம். ஊவாவில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானப் பிரிவை முழுமையாக நடத்தும் பாடசாலைகள் மிகக் குறைவு. இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் ஒரு வகுப்பின் எதிர்காலமும் அவரோடு போகிறது. சங்கம் நூற்றாண்டு நினைவாக ஒரு வளைவு கட்டப்போவதாக அறிந்தோம். வளைவு அழகாகத்தான் இருக்கும். அந்தப் பணத்தில் மூன்று வருடத்துக்கு இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் சனிக்கிழமை வகுப்பு நடத்தலாம் என்பதையும் செயற்குழு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சொல்லிவிட்டோம், கோபிக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. உங்கள் பயிற்சிக் கோவை எப்படி இருக்கிறது, மதிப்பீட்டுத் தாளில் என்ன கேட்கிறார்கள் என்பதை அனுப்புங்கள். அதைப் பார்த்து எமது அட்டவணைக்கும் எமது கிளினிக்குக்கும் ஏற்றபடி தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பதிவேட்டைத் தயாரிக்க விரும்புகிறோம். எந்த வகுப்பு, எந்தத் திகதி, எந்தத் திறன், யார் பார்த்துக் கையொப்பமிட்டார் என்று ஒவ்வொருத்தியும் வைத்திருக்கட்டும். தோட்ட மருத்துவிச்சியும் வைத்திருக்கட்டும். சுகாதார வைத்திய அதிகாரி கையொப்பமிட்ட அத்தகைய பதிவேடு நூறு இருந்தால், பிராந்தியப் பணிப்பாளரிடமும் மாகாண அமைச்சிடமும் அனுபவத்துக்குப் புள்ளி கொடுங்கள், தோட்ட மருத்துவிச்சிக்கு ஓர் இணைப்புப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்கலாம். வெறுங்கையோடு போய்க் கேட்டால் தேநீர் தந்து அனுப்பிவிடுவார்கள். போய்ப் பார்த்தவர்கள் சொல்கிறோம்.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது. ஆட்சேர்ப்பு வர்த்தமானி வரும்போது தோட்டத்துப் பிள்ளைக்குச் செய்தி கிடைப்பது பல தடவைகள் முடிவுத் திகதிக்குப் பிறகுதான். இனிமேல் வர்த்தமானி வந்த கிழமையிலேயே அதைப் பார்த்து, தகைமைகளை எளிய தமிழில் எழுதி, தொண்டைமண்டியில்லாமல் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்க எங்களில் ஆறு பேர் பொறுப்பெடுத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதலாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழைய நூலக அறையில் இருப்போம். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகளோ, மருமகளோ, பக்கத்து லயத்துப் பிள்ளையோ இருந்தால், பெறுபேற்றுத் தாளோடும் பிறப்புச் சான்றிதழோடும் அனுப்பிவையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் அதை முதலில் திருத்த வேண்டும், அதற்கே மாதங்கள் எடுக்கும். ஆகவே அடுத்த மாதமே வரச் சொல்லுங்கள்.